நட்ட மறுநாளும் வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய பினாங்கு மக்களுக்கு வணக்கம்.

செபராங் பிறையில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் உருவான எங்கள் பொது மரத்தோட்டத்தின் அன்றாடப் பொறுப்பை இம்மாத இறுதியில் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறேன். அதற்கு முன், உடனிருந்து உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. மரம் நடும் நாளில் வந்தவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் இந்த மடல் நட்ட மறுநாளும் வந்தவர்களுக்கு உரியது.

தோட்டத்து நாற்றங்காலில் பால்மரக் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டிப் பல்லாண்டு உழைத்த அம்மாவை முதலில் வணங்குகிறேன். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொடக்கத்தில் மெராந்தி, செங்கால் ஆகிய காட்டு மரங்களின் கன்றுகளை நான் வெட்டவெளியில் நட்டேன். காட்டு நிழலில் முளைத்து வளரும் இயல்புடைய அவை வெயிலில் கருகின. அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, முதல்ல நிழலுக்கு வழி பண்ணுங்க” என்று சொல்லி, வேகமாக வளரும் அவரை இன மரங்களை இடையிடையே நடவைத்தார். பாலிதீன் பையில் அதிக நாள் இருந்த கன்றின் வேர் உள்ளேயே சுருண்டிருக்கும்; அதை வெட்டிப் பிரித்துவிடாமல் நட்டால் பல ஆண்டுகள் கழித்து அவ்வேரே மரத்தை நெரித்துவிடும் என்பதையும் அவர் கைகளைப் பார்த்தே கற்றேன்.

காட்டுப் பணியில் இருந்த நண்பர்களின் உதவியும் பெரிது. மெராந்தி இன மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். அந்த விதைகளை உலர்த்திச் சேமிக்கவும் முடியாது, சில நாட்களில் முளைப்புத் திறன் போய்விடும். ஆகவே அவர்கள் தகவல் சொன்ன அன்றே, அனுமதி பெற்றுத் திரட்டிய விதைகளோடு தாய்மரத்தடி மண்ணிலும் ஒரு கூடை எடுத்து வந்து, இரவோடு இரவாக ஊன்றினோம். இம்மரங்களின் வேர்கள் அந்த மண்ணிலுள்ள பூஞ்சையோடு கூடித்தான் சத்தை எடுக்கின்றன என்பதால், அந்தக் கூடை மண்ணுக்கும் தனியாக நன்றி சொல்லத் தோன்றுகிறது.

வங்காளதேசத்திலிருந்து வந்து இங்கே புல்வெட்டும் சகோதரர்களைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது, ஏனெனில் அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது மிகக் குறைவு. முன்பு ஒரு குத்தகையாளரின் ஆட்கள் அவசரமாக வேலை செய்தபோது, புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒரு வரிசைக் கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டது. இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தான் என்பதால் அந்த வரிசை முழுவதும் பட்டுப்போனது. இச்சகோதரர்களோ ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கையாலேயே களை பறித்து, காய்ந்த இலையைத் தண்டில் படாதவாறு பரப்பி வைத்தார்கள். அவர்கள் வந்த பிறகு அப்படி ஒரு மரத்தையும் நாங்கள் இழக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் பதிவேட்டைக் காத்தார். மரம் வந்த ஆண்டு, வரிசை எண், விதை எங்கிருந்து கிடைத்தது, 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு என எல்லாம் அதில் உண்டு. பட்டுப்போன மரத்தின் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்க அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை. மரத்தோட்டங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் ஆர்ப்நெட் என்ற அமைப்பு முதல் நிலைக்குக் கேட்பவற்றுள் குறைந்தது 25 வகை மரங்களும் எழுத்தில் ஒரு திட்டமும் உண்டு. வகைகள் எளிதில் சேர்ந்தன, எழுத்து அவரால் வந்தது. புன்னை மரத்தின் பலகையில், மலாயில் இதுவே ‘பெனாகா லாவுட்’ என்றும், ஜார்ஜ்டவுன் எழுந்த முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்ற பெயர் இம்மரத்தால் வந்தது என்றும் எழுதியவரும் அவரே. நெய்தல் நிலத்துப் புன்னைதான் ஜார்ஜ்டவுன் முனையின் பழைய பெயரிலும் இருக்கிறது என்று அறிந்த பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டே போகிறார்கள்.

தைப்பூசத்தில் தண்ணீர்ப்பந்தல் போட்ட இளைஞர்களே, வறண்ட சனவரி, பிப்ரவரி மாதங்களில் உங்கள் பீப்பாய்களைக் கழுவி, அடியில் சிறு துளையிட்டுக் கன்றுகளின் அருகே வைத்தீர்கள். தண்ணீர் ஓடி வீணாகாமல் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்கியது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவுப் புயல்மழைக்குப் பிறகு, உங்களில் சிலர் சொந்த வீட்டில் சேறு கிடக்கும்போதே இங்கு வந்து, சாய்ந்த கன்றுகளை வேர் காயுமுன் நிமிர்த்தி முட்டுக் கொடுத்ததை நான் மறக்கவே மாட்டேன்.

அம்மாவின் நாற்றுப்பந்தலில் இவ்வாண்டு முளைத்த புன்னைக் கன்றுகள் இருக்கின்றன. மேலே சொன்ன அனைவரும் வந்து வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். எடுக்கும்போது பதிவேட்டில் ஆசிரியையிடம் எழுதிவிடுங்கள்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
மரத்தோட்டப் பொறுப்பாளர்