மாற்றுச் சாவி

அன்பு மகள் கயல்விழிக்கு,

பிரஸ் இயந்திரத்தைப் பழுதுபார்க்க நிறுத்தும்போது, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சில் நீ போடும் பூட்டுக்கு ஷிப்ட் மேற்பார்வையாளரின் மேசையில் இன்னொரு சாவி இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை போகிற போக்கில் சொன்னாய். போனில் பேசினால் என் கோபம் மட்டுமே உன் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தபோது பூட்டே கிடையாது. மின்சாரம் போகாதபடி, ஃப்யூஸைத் தாங்கும் மூன்று கேரியர்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேனல் கதவில் ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று சாக்பீஸால் எழுதிவைப்போம். நூல் நூற்கும் நீளமான ரிங் ஃபிரேமின் இந்தக் கோடியில் நிற்பவனுக்கு அந்தக் கோடியில் குனிந்திருப்பவன் தெரியமாட்டான். உற்பத்தி குறைகிறதென்று அவசரப்பட்ட ஒருவர் ஸ்டோரிலிருந்து வேறு கேரியர்களை வாங்கிவந்து மாட்டி, பொத்தானை அழுத்திய நாளில், மறுகோடியில் டின் ரோலர் பேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்த என் கூட்டாளிக்கு இரண்டு விரல்கள் போயின. பிடுங்கிய கேரியர்கள் அப்போதும் என் கூட்டாளியின் சட்டைப் பையில்தான் இருந்தன. உன் மேற்பார்வையாளரின் மேசையில் இருக்கும் சாவியும் எனக்கு அந்த ஸ்டோர் கேரியர்களைப் போலத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் 1990 முதல் நடைமுறையில் இருக்கும் ஓஷா (தொழிலாளர் பாதுகாப்புத் துறை) விதியில், பூட்டியவரே பூட்டை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதிசெய்து, அவரைத் தொடர்புகொள்ள முயன்று, அவர் மறுபடி வேலையில் இறங்குமுன் பூட்டு எடுக்கப்பட்டதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த நடைமுறை எழுத்தில் இல்லாத இடத்தில் மாற்றுச் சாவிக்கு என்ன வேலை?

பூட்டோடு விஷயம் முடிந்துவிடுவதுமில்லை. பஞ்சைச் சிக்கெடுக்கும் எங்கள் கார்டிங் சிலிண்டர், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பல நிமிடங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கிவிடுவதால் நின்றுவிட்டதாகவே தோன்றும். உன் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும், மேலும் கீழும் இயங்கும் ராம் மேலே நிற்கும்போது அது விழாமல் தாங்க அடியில் சேஃப்டி பிளாக் இருக்க வேண்டும், காற்றுக் குழாயில் மீந்த அழுத்தத்தை வெளியேற்றி கேஜ் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மோட்டாரை இயக்கும் டிரைவ் பெட்டிக்குள், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கபாசிட்டர்களில் மெயினை அணைத்த பிறகும் 500 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், அந்தப் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கழித்துவிட்டு மீட்டரை வை. அந்த மீட்டரையும் முன்னும் பின்னும் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்துச் சோதித்துக்கொள். செத்த மீட்டருக்கு எல்லாக் கம்பியும் செத்த கம்பிதான். கடைசியாக, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் பொத்தானை நீயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அதை மறுபடி நிறுத்த நிலையில் வைத்துவிடு.

திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்; அதன் வளையம் உன் ஐசொலேட்டர் துளையில் நுழையாது என்று அம்மா சிரிக்கிறாள். மாற்றுச் சாவியைப் பற்றி மேலாளருக்கு எழுத்தில் கொடு. அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா