பிரித்தானியப் பிரதமருக்கு: அயர்லாந்தின் பஞ்சத்துக்கு நீங்களே மன்னிப்புக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய பிரதமர் அவர்களுக்கு,

1997 ஜூனில், அயர்லாந்தின் கார்க் பகுதியிலுள்ள மில்ஸ்ட்ரீட்டில் 1840-களின் பெரும்பஞ்சத்துக்கு நினைவு நிகழ்ச்சி நடந்தபோது அப்போதைய பிரதமர் டோனி பிளேர் பெயரில் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. பஞ்சகாலத்தில் லண்டனில் ஆட்சி செய்தவர்கள் தம் மக்களைக் கைவிட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. உலகமே அதை மன்னிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டது. ஆனால் 2021-இல் வெளிவந்த அரசு ஆவணங்களோ, பிளேரைத் தொடர்புகொள்ள முடியாததால் அதிகாரிகளே எழுதி அனுப்பிவிட்டார்கள் என்கின்றன. பத்து லட்சம் பேர் செத்திருக்கிறார்கள், அதற்கான பதில் பிரதமரின் கண்ணில்கூடப் படவில்லை.

பஞ்சத்தைத் தொடங்கிவைத்த நோய் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்ததற்கு யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. 1845-இல் அது ஐரோப்பாவில் பல இடங்களிலும் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கேட்கிறேன். 1801 முதல் அயர்லாந்து உங்கள் நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது, அதன் சட்டங்கள் லண்டனில்தான் போடப்பட்டன. ஜனங்கள் பட்டினியில் விழுந்துகொண்டிருக்கும்போதே தானியமும் வெண்ணெயும் மாடுகளும் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1847 கோடையில் அரசு கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது, ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். ஆக, மனம் வைத்தால் முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். ஆனால் சில மாதங்களிலேயே அவற்றை மூடிவிட்டார்கள், அப்புறம் கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்ற விதி வேறு: கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுவிட்டு வா. பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்திருந்தார்கள், பஞ்சத்துக்கு அரசு செலவிட்டது அதில் பாதிகூட இல்லை. 1841-இல் 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 65 லட்சமாகிவிட்டது. அந்த 82 லட்சத்தை அந்தத் தீவு இன்றுவரை எட்டவில்லை.

சென்னைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த நிவாரணப் பணியைக் கருவூலத்திலிருந்து நடத்திய சார்லஸ் டிரெவெல்யன்தான் 1859-இல் எங்கள் மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் இங்கே இல்லை, ஆனால் வியாபாரத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்ற அதே கொள்கை இருந்தது. இங்கேயும் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கத் தானியம் கப்பலேறியது.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்பது உங்கள் நாட்டுக்குத் தெரியாததல்ல. 1972-இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரித்தானிய ராணுவம் ஊர்வலத்தில் போனவர்களைச் சுட்டுக் கொன்றதற்கு 2010-இல் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, அதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். டெர்ரியில் அதைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது.

பஞ்சத்துக்கும் அதே அவையில் நீங்களே பேசுங்கள். பொதுவாக வருத்தம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்துவிடாமல், கஞ்சித் தொட்டிகளை மூடியதையும் கால் ஏக்கர் விதியையும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒருவன்