முதல் பிலிம் கேமராவாக எதை வாங்கலாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதுரை

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களும், விடுமுறை கிடைத்தால் கொடைக்கானலுக்கோ ராமேசுவரத்துக்கோ கிளம்பிவிடுகிறவர்களும் அண்மைக் காலமாக எங்கள் கடைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பிலிமில் படம் எடுக்கப் பழக வேண்டும், பயணத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டும், எந்த எஸ்எல்ஆர் கேமராவை (உள்ளிருக்கும் கண்ணாடியின் உதவியால் லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் வகை) வாங்கலாம் என்கிறார்கள். கடையில் கூட்டம் நிற்கும் வேளையில் இதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே எங்கள் பரிந்துரையையும் அதற்கான காரணங்களையும், அந்தக் கேமராவில் உள்ள குறைகளையும் சேர்த்து இம்மடலில் எழுதுகிறோம்.

நாங்கள் பரிந்துரைப்பது பென்டாக்ஸ் எம்இ சூப்பர் என்ற கேமராவை. ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் நிறுவனம் 1979-இல் வெளியிட்டது இது. புதிதாக இப்போது எங்கும் கிடைக்காது. பயன்படுத்தப்பட்டவற்றை வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து, சோதித்த பிறகே விற்கிறோம். லென்ஸ் இல்லாமல் இதன் எடை 445 கிராம். அகலம் 13 செ.மீட்டரைச் சற்றே தாண்டும். உயரம் 8 செ.மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இதே நிறுவனத்தின் 40 மி.மீ. தட்டை லென்ஸைப் பொருத்தினால், தோள்பையில் தண்ணீர் பாட்டிலுக்கும் துண்டுக்கும் நடுவே இடம் கேட்காமல் உட்கார்ந்துவிடும். பயணத்தில் இது சிறிய விஷயமல்ல. பெரிய கேமராவை ஆசையாக வாங்கி, இரண்டு பயணங்களுக்குப் பிறகு பீரோவில் வைத்துப் பூட்டியவர்களைப் பலமுறை பார்த்திருப்பதால்தான் எடையை முதலில் சொல்கிறோம்.

‘பழகுவதற்கு கே1000 போல வராது’ என்று மூத்த புகைப்படக்காரர்கள் சொல்வதுண்டு. அதுவும் பென்டாக்ஸ்தான், 1976-இல் வந்தது. பேட்டரி இல்லாமலேயே எல்லா ஷட்டர் வேகங்களிலும், அதாவது பிலிமில் வெளிச்சம் விழும் எல்லா நேர அளவுகளிலும், இயங்கும். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டுமே. அந்தக் கேமராவின் மேல் எங்களுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதன் உடல் மட்டுமே 620 கிராம். நாள் முழுவதும் நடக்கிறவரின் கழுத்துக்கு அந்த வேறுபாடு மாலைக்குள் தெரிந்துவிடும். ஒலிம்பஸ் ஓஎம்-1 சிறியது, அழகானது. எனினும் அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால், உரிய மாற்றம் செய்யாத மீட்டர் தவறாகக் காட்டும். புதிதாகப் பழகுகிறவருக்குத் தொடக்கத்திலேயே இந்தத் தலைவலி வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எம்இ சூப்பரில் படம் எடுக்கும் முறையைச் சொன்னால், அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது விளங்கும். மேலே உள்ள வட்டத்தை ‘ஆட்டோ’வில் வைத்து, லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பி அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மட்டும் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஷட்டர் பொத்தானை லேசாக அழுத்தினால், பார்வைத் துளைக்குள் இடது ஓரமாக எழுதப்பட்டிருக்கும் எண்களில் ஒன்றின் பக்கத்தில் சிறு விளக்கு எரியும். கேமரா தேர்ந்தெடுத்திருக்கும் ஷட்டர் வேகம் அதுதான். பச்சை எரிந்தால் கையில் பிடித்தே எடுக்கலாம். மஞ்சள் எரிந்தால் வேகம் குறைவு, கை ஆடினால் படம் கலங்கும், எனவே தூணிலோ சுவரிலோ சாய்ந்துகொள்ள வேண்டும். சிவப்பு எரிந்தால் அந்த வெளிச்சத்துக்கு அந்த அப்பர்ச்சர் பொருந்தாது. வளையத்தை ஒவ்வொரு படியாகத் திருப்பும்போது விளக்கு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தால், அப்பர்ச்சருக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு யாரும் பாடம் நடத்தாமலேயே பிடிபட்டுவிடும். பிறகு ‘எம்’ நிலைக்கு மாறி, பொத்தானின் அருகே உள்ள இரண்டு சிறு பொத்தான்களால் வேகத்தையும் நீங்களே கூட்டலாம், குறைக்கலாம்.

நம் ஊர் வெயிலுக்கு இதில் இன்னொரு வசதி இருக்கிறது. சித்திரை மாத நண்பகலில் 200 ஏஎஸ்ஏ (பிலிமின் ஒளி உணர்திறன் அளவு) பிலிமைப் போட்டு அப்பர்ச்சரை 16-இல் (எண் பெரிதானால் துளை சிறிது) வைத்தால், ஏறத்தாழ நொடியில் 250-இல் ஒரு பங்கு வேகம் போதும். முகத்தை மட்டும் தெளிவாக வைத்துப் பின்புலத்தை மங்கலாக்க விரும்பி அப்பர்ச்சரைத் திறந்துகொண்டே போனால், 5.6-க்கு வரும்போது 2000-இல் ஒரு பங்கு தேவைப்படும். எம்இ சூப்பரின் ஷட்டர் அதுவரை ஓடும். கே1000, ஓஎம்-1 ஆகிய இரண்டும் 1000-இல் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன.

ஆட்டோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதன் மீட்டர் சட்டகத்தின் நடுப்பகுதிக்கு முதன்மை கொடுத்து மொத்த வெளிச்சத்தையும் அளப்பது. சித்திரை வீதியில் நின்று, வெளுத்த வானத்தின் முன்னே கோபுரத்தை எடுத்தால், வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு மீட்டர் ஏமாந்துவிடும். கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் நிழலுருவாகவே பதியும். இடது பக்கம், பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழைச் சுற்றியுள்ள வளையத்தில் 1 என்பதிலிருந்து 2 என்பதற்கு மாற்றினால் வெளிச்சம் இரு மடங்காகும், 4-இல் வைத்தால் நான்கு மடங்காகும். யானைமலையை மாலையில் எதிர்வெயிலில் எடுப்பதற்கும் இதே வழிதான். எடுத்து முடித்ததும் 1-க்குத் திருப்ப மறக்கக் கூடாது. மறந்தால் அந்த ரோல் முழுவதும் மிகை வெளிச்சத்தோடு வரும்.

குவியம் சரிசெய்வதும் எளிது. பார்வைத் துளையின் நடுவில், குவியம் சேராத உருவத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் கோடு சாய்வாக, 45 பாகையில் வெட்டப்பட்டிருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் போன்ற செங்குத்துக் கோடுகளிலும், கூரை விளிம்பு போன்ற கிடைக்கோடுகளிலும், கேமராவைச் சாய்க்காமலேயே உருவம் ஒன்றுசேர்வதைப் பார்க்க முடியும்.

இனி குறைகள். இந்தக் கேமரா பேட்டரியை நம்பியே இயங்குவது. கைக்கடிகாரக் கடைகளில் கிடைக்கும் எல்ஆர்44 பேட்டரி இரண்டு போதும். எஸ்ஆர்44 கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அது தீரும் வரை மின்னழுத்தம் ஒரே சீராக இருக்கும். பேட்டரி தீர்ந்த நிலையில் பொத்தானை அழுத்தினால், உள்ளிருக்கும் கண்ணாடி மேலே போய் அப்படியே நின்றுவிடக்கூடும். கேமரா பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். வட்டத்தை ‘125எக்ஸ்’ நிலைக்குத் திருப்பினால் கண்ணாடி இறங்கிவிடும். பேட்டரி இல்லாமலும் அந்த ஒரு வேகத்தில் (நொடியில் 125-இல் ஒரு பங்கு) தொடர்ந்து படம் எடுக்கலாம். பேட்டரி தீர்ந்தாலும் எல்லா வேகங்களும் வேண்டும் என்பவர்கள் இதன் உடன்பிறப்பான எம்எக்ஸை வாங்கலாம். அதுவும் சிறியது, வேகங்கள் அனைத்தும் இயந்திர விசையால் இயங்குபவை, ஆனால் ஆட்டோ கிடையாது.

மற்றொன்று, வயது. இக்கேமராக்களின் பின்கதவு ஓரங்களில் வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டப்பட்ட ஸ்பாஞ்ச், இத்தனை ஆண்டுகளில் தார் போல இளகிவிடுகிறது. இணையத்திலோ தெரிந்தவரிடமோ வாங்குகிறவர்கள் பின்கதவைத் திறந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் பிலிமில் வெளிச்சம் கசியும். நாங்கள் அதை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஸ்பாஞ்ச் ஒட்டுகிறோம். விற்கும் முன் ஒவ்வொரு கேமராவிலும் ஒரு ரோல் எடுத்துப் பார்த்து, அந்த நெகட்டிவையும் கேமராவோடு சேர்த்தே கொடுக்கிறோம். வேகங்கள் சரியாக இருக்கின்றனவா, படங்களுக்கு இடையே இடைவெளி சீராக இருக்கிறதா என்பதை நீங்களே அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பிலிம் மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அடுத்த படத்துக்காக நெம்புகோலைத் தள்ளும்போது இடது பக்கக் குமிழ் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் பற்றிக்கொள்ளவில்லை என்று பொருள். அப்படியே 36 படமும் எடுத்துக்கொண்டு வந்தால், கழுவிய ரோலில் ஒன்றுமே இருக்காது. உதகையில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமை நினைவில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இன்றும் வருகிறார்கள். அந்த ஆலை இப்போது இல்லை. நாங்கள் விற்கும் ரோல்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை, விலையும் கூடுதல் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறோம்.

பிலிமுக்குப் பகை வெப்பம். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், இருசக்கர வண்டியின் சீட்டுக்கு அடியிலும் ரோலை வைக்கவே கூடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் சில மணி நேரம் விட வேண்டும், இல்லையேல் ஈரம் படியும். கொடைக்கானல் குளிரிலிருந்து இறங்கி வரும்போது கேமராவுக்கும் இதே விதிதான்: பையைத் திறக்காமல், சூடு சமமாகும் வரை பொறுத்திருங்கள். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். விமானத்தில் செல்பவர்கள் பிலிமைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பெரிய விமான நிலையங்களில் வந்திருக்கும் சிடி வகை ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும் என்று பிலிம் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

எடுத்து முடித்த ரோலை விரைவில் கொண்டுவாருங்கள். கலர் நெகட்டிவை 37.8 பாகை செல்சியஸில் கழுவுகிறோம். கறுப்பு வெள்ளையை வழக்கமாக 20 பாகையில் கழுவ வேண்டும். கோடையில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 30 பாகைக்கு மேல் இருப்பதால், மருந்துக் குடுவையைப் பனிக்கட்டி போட்ட தொட்டியில் இறக்கி, வெப்பமானி 20-ஐக் காட்டிய பிறகே பிலிமைத் தொடுகிறோம். கறுப்பு வெள்ளை ரோல்கள் கைக்கு வரக் கூடுதலாக நாளாவது இதனால்தான். வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கடைசியாக, கேமரா வாங்க வருமுன் வீட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்பாவோ சித்தப்பாவோ வைத்திருந்த பழைய பென்டாக்ஸ் லென்ஸ் கிடைத்தால் எடுத்து வாருங்கள். 1975-இல் வந்த ‘கே’ மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) லென்ஸ்களும், அதன் பின் வந்தவற்றில் அப்பர்ச்சர் வளையம் உள்ளவையும் எம்இ சூப்பரில் பொருந்தும். பொருந்துவதாக இருந்தால் கேமரா உடலை மட்டும் வாங்கினால் போதும். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்