அப்பாவின் ஈசிஜியைப் பார்த்தவுடன் ஓடி வந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் எங்கள் அப்பாவை, சித்திரை வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறு இரவு உங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தோம். நெஞ்சுவலி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை. "கால் ரெண்டும் துவளுது" என்றார், அவ்வளவுதான். சொந்தக்காரர் கல்யாணத்தால் ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போயிருந்தது. பந்தலில் கொடுத்த, பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் குடித்திருந்தார். இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது.

முதல் நன்றி ஈசிஜி எடுத்த தங்கைக்கு. தாள் முழுதாக வெளியே வருவதற்குள், ஒயரைக்கூடக் கழற்றாமல், "மேடம், டி வேவ் பாருங்க!" என்று குரல் கொடுத்தாயே அம்மா!

டாக்டரம்மா, அந்தத் தாளைப் பிறகு எங்களிடம் காட்டி விளக்கினீர்கள். தாழ்வான மேடாக இருக்க வேண்டிய டி அலை, கோபுரம்போலக் கூராக நிமிர்ந்து நின்றது. துடிப்பின் தொடக்கத்தில் வரும் சின்ன பி அலை இருந்த இடமே தெரியவில்லை. நடுவில் கூராக வரும் கியூஆர்எஸ் அலை அகலத் தொடங்கியிருந்தது. இன்னும் அகன்றால் எல்லாம் ஒரே அலையாகிவிடும், பிறகு இதயம் எந்த நொடியும் நின்றுவிடலாம் என்றீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று நீங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பொட்டாசியம் 7.4, ஆபத்தான அளவு என்று முடிவு வந்தபோது கால்சியம் குளுக்கோனேட் ஏறி முடிந்திருந்தது. மானிட்டரில் கியூஆர்எஸ் குறுகிக்கொண்டிருந்தது.

ஊசியை ஒரேயடியாகத் தள்ளாமல், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் நிதானமாக ஏற்றிய சிஸ்டருக்கும் நன்றி. கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரக் காவல் மட்டும்தான் என்று சொன்னவர் அவர்தான். அடுத்து குளுக்கோஸோடு இன்சுலின், அப்புறம் நெபுலைசர். "ஆஸ்துமாவே இல்லையே, இது எதுக்கு?" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். இன்சுலின்போலவே நெபுலைசரில் போடும் சல்பியூட்டமால் மருந்தும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் என்று அந்தப் பரபரப்பிலும் அவருக்குப் பதில் சொன்னீர்கள், டாக்டரம்மா.

உள்ளே தள்ளியது மறுபடி வெளியே வரும், உடம்பை விட்டே எடுக்க டயாலிசிஸ்தான் வழி. நள்ளிரவில் வீட்டிலிருந்து பைக்கில் வந்து மெஷினை ஓட்டிய டெக்னீஷியன் தம்பிக்கு என்ன கைமாறு செய்வது?

டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி அன்றைய ஈசிஜியையும் மறுநாள் எடுத்ததையும் ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம். ஈசிஜி நன்றாக இருந்தாலும் பொட்டாசியம் ஏறியிருக்கலாம் என்று நீங்கள் எச்சரித்ததால், ரத்தப் பரிசோதனையையும் விடுவதில்லை.

கடைசியாக, வாடகை வாங்க மறுத்துவிட்டுப் போன ஆட்டோ அண்ணனுக்கு. சவாரிக்காசு வீட்டில் எடுத்து வைத்திருக்கிறது, அம்மா விடமாட்டார்.

நன்றியுடன்,
நோயாளியின் மகள்