சட்ட நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சீனியர்களுக்கு,

வணக்கம். வேறு வேலை பார்த்துவிட்டுச் சட்டம் படித்தவர்களுக்குப் பயோடேட்டா எழுத உதவி வருகிறேன். உங்கள் விண்ணப்பப் படிவங்களில் ‘சட்ட அனுபவம்’ எழுத ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறீர்கள். ‘பிற பணி’க்கு ஒரே ஒரு வரி. அதைப் பார்த்ததும், பழைய வேலையைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

நர்ஸாக இருந்துவிட்டு வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், ராத்திரி எந்த நேரத்துப் பதிவு விடுபட்டிருக்கிறது என்பதையெல்லாம் கேஸ் ஷீட்டைப் புரட்டும்போதே பிடித்துவிடுவார். மருத்துவ அலட்சிய வழக்கின் உயிர்நாடியே அந்த விடுபட்ட பதிவாக இருக்கலாம். ஆனால் உங்கள் படிவத்தில் அவரால் எழுத முடிந்தது ‘செவிலியர், 6 ஆண்டுகள்’ மட்டும்தான்.

ஆபிரகாம் லிங்கன் 1836-இல் வக்கீல் உரிமம் பெறுவதற்கு முன் சரக்குப் படகில் வேலை பார்த்தார், கடை வைத்தார், தபால் அலுவலகம் நடத்தினார், நிலம் அளந்தார். மிசிசிப்பி ஆற்றின் ரயில் பாலத்தில் நீராவிக் கப்பல் மோதிய வழக்கு 1857-இல் விசாரணைக்கு வந்தபோது, பாலத்தின் தரப்பில் ஆஜராகி, நீரோட்டத்தின் வேகத்தையும் போக்கையும் ஜூரிக்குக் கணக்கோடு விளக்கினார். ஆற்றில் உழைத்தவருக்கு அது கைவந்த விஷயம்.

எல்லா வேலையும் வக்கீல் வேலைக்கு ஈடாகும் என்று நான் வாதாடவில்லை. மனு எழுதவும் குறுக்கு விசாரணை செய்யவும் எவரும் புதிதாகத்தான் கற்க வேண்டும். விண்ணப்பிப்பவர்களும் ‘குழுவாகச் செயல்படும் திறன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி உங்களைச் சலிப்படைய வைக்கிறார்கள். அதற்குப் பதிலாக, ‘புகாரோடு வந்தவரை உட்காரவைத்து, நடந்ததைத் தேதிவாரியாகக் கேட்டு எழுதி, அன்றைக்கே மேலதிகாரியிடம் கொடுத்தேன்’ என்று எழுதச் சொல்லி அவர்களிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அதை எழுத நீங்கள் இடம் விட வேண்டாமா?

அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, ‘பழைய வேலையில் நீங்கள் தீர்த்துவைத்த ஒரு சிக்கலை, யார் பெயரும் சொல்லாமல் விவரியுங்கள்’ என்று கேளுங்கள். பழைய இடத்து ரகசியத்தைக் காக்கத் தெரிந்தவரா என்பதும் அந்தப் பதிலிலேயே தெரியும். கூடவே, முன்பு எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்ற முழுப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய பழைய முதலாளி உங்கள் கட்சிக்காரருக்கு எதிர்த்தரப்பு என்றால், கேஸ் கட்டு விண்ணப்பித்தவர் கைக்குப் போகும் முன்பே, அந்த வழக்கில் அவரைச் சேர்க்கலாமா என்று நீங்கள் முடிவெடுக்கலாம்.

நம்பிக்கையுடன்,
விண்ணப்பம் எழுத உதவும் ஒருத்தி