ரஸ்ஸலை விட்டுவிட்டா பட்டியல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அஸ்தம்பட்டி பக்கம் கூடைப்பந்து ஆடும் பையன்களிடம், எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பில் ரஸ்ஸல் பெயரை யாரும் எடுப்பதே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 சீசன் ஆடி 11 முறை பட்டம் வென்றவர் அவர். ஜோர்டானுக்கு 6, லெப்ரானுக்கு 4. அப்போது அணிகள் குறைவு என்பார்கள். சரி, உண்மைதான். ஆனால் அணிகள் குறைந்தால் ஒவ்வொன்றிலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள்தானே இருப்பார்கள்? எதிரணியின் பெரும் ஆட்டக்காரரான வில்ட் சேம்பர்லினை அவர் திரும்பத் திரும்பச் சமாளிக்க வேண்டியிருந்தது.

ரஸ்ஸலின் பலமே தடுப்பாட்டம். எதிராளி எறியும் பந்தை எல்லைக்கு வெளியே அறைந்து தள்ள மாட்டார். தன் அணிக்காரர் கைக்குப் போகும்படி தட்டிவிடுவார். அந்த நொடியே செல்டிக்ஸ் எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். என்.பி.ஏ. இப்படித் தடுத்தவற்றை எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். அவர் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஏட்டில் ஏறவில்லை என்பதற்காக ஆட்டமே இல்லை என்றாகிவிடுமா?

அப்புறம், கடைசி மூன்று சீசன்களில் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் அவரே. அதிலும் 2 பட்டம்.

ஜோர்டானுக்கு முதலிடம் தருவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது இடம் ரஸ்ஸலுக்குத்தான், லெப்ரானுக்கு அல்ல.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்