அக்காவுக்கு, மெல்பேர்னில இருந்து

20.07.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சுது. நான் சுகம். இஞ்ச ஜூலை எண்டா நடுக் குளிர்காலம். விடிய வேலைக்கு வெளிக்கிடேக்க கார்க் கண்ணாடியில உறைபனி படிஞ்சிருக்கும், சுரண்டித்தான் எடுக்கவேணும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. எங்கட கடையளில ஒடியல்மா, பனங்கட்டி எல்லாம் இருக்கு. ஓவர்டைம் இப்ப குறைவு, அதால நல்லா நித்திரை கொள்ளுறன். யோசிக்காதேங்கோ.

கூரை வேலைக்கு என்ர சுப்பர் காசை, அதுதான் இஞ்ச வேலை செய்யிறவையின்ர ஓய்வுகாலச் சேமிப்பை, எடுக்கேலாதோ எண்டு கேட்டிருந்தீங்கள். அத்தான் தன்ர ஊழியர் சேமலாப நிதியில 30 வீதம் எடுத்து வீடு திருத்தினவர்தானே, அந்த நினைப்பில கேட்டிருக்கிறீங்கள். இஞ்ச அப்பிடி இல்லையக்கா. அங்க இலங்கையில சம்பளத்தில தொழிலாளி 8, முதலாளி 12 வீதம் எண்டு ரெண்டு பேரும் போடவேணும். இஞ்ச சட்டப்படி முதலாளி மட்டும்தான், சம்பளத்துக்கு மேலதிகமா. 1992இல தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இந்த 2025 ஜூலை முதலாந் திகதி 12 வீதமாக்கியிருக்கினம். 1000 டொலர் சம்பளத்துக்கு 120 டொலர். ஓவர்டைம் பொதுவா இந்தக் கணக்கில சேராது. காசு என்ர கையுக்கு வராமல் நான் தெரிஞ்ச நிதியத்துக்குப் போகும்; போகேக்கயே 15 வீதம் வரி. 60 வயசாகி வேலையை விட்டால், இல்லாட்டி 65 ஆனால், எடுக்கலாம். அதுக்கு முதல் கடும் நோய் மாதிரிச் சில காரணத்துக்கு மட்டும்தான். தற்காலிக விசாவில இருந்து திரும்பிப் போறவை வரி கழிச்சு எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைச்சபடியால் அந்த வழியும் இல்லை.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தாவைப் பற்றி முந்தி எழுதினனான். இந்தக் குளிரிலயும் சட்டைக் கையை மடிச்சுவிட்டு அத்திமரம் கவ்வாத்துப் பண்ணுறார். வேலியில என்னைக் கண்டால் சுகம் கேக்க முதல், "சுப்பர் வந்துதோ?" எண்டுதான் கேப்பார். அவர் தொழிற்சாலையில உழைச்ச காலம் பெரும்பாலும் 1992க்கு முந்தினது. இப்ப அரசாங்கப் பென்சனில சீவிக்கிறார். அவர் கேக்கிறதில நியாயம் இருக்கு. சம்பளச் சிட்டையில எழுதியிருந்தால் காசு போய்ச் சேர்ந்துது எண்டு அர்த்தமில்லை. இந்த 2025இல மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கட்டினாலும் சட்டப்படி சரி எண்டதால, கட்டாமல் விட்டது தெரிய நாளெடுக்கும். என்னோட வேலை செய்த பெடியன் ஒருத்தனுக்கு அவன்ர பழைய முதலாளி கட்டவேயில்லை. வரித் திணைக்களத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறான். நான் நிதியத்தின்ர கணக்கைத்தான் திறந்து பாக்கிறனான்.

ஆடிப்பிறப்புக்கு அம்மா கூழ் காய்ச்சினவவே? நானும் பனங்கட்டி, பயறு, தேங்காய்ச் சொட்டு எல்லாம் போட்டுக் காய்ச்சினன். ருசி சரியாத்தான் வந்தது. ஆனால் சுத்திவர இருந்து குடிக்க நீங்கள் ஒருத்தரும் இல்லை, எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கேல்லை அக்கா.

ஒரு அலுவல் இருக்கு. எனக்கு ஏதும் நடந்தால் சுப்பர் காசு ஆருக்கு எண்டு எழுதிவைக்கவேணும். மனுசி, பிள்ளையள், என்ர காசில தங்கியிருக்கிறவை மாதிரிச் சிலரின்ர பேரைத்தான் போடலாம். நான் அனுப்புற காசில அம்மா சீவிக்கிறபடியால் அவவின்ர பேரைப் போடப்போறன். அம்மாவின்ர பிறப்புச் சான்றிதழில ஒரு பிரதி எடுத்து, ஆங்கிலத்தில மொழிபெயர்ப்பிச்சு அனுப்பச் சொல்லி அத்தானிட்டச் சொல்லுங்கோ. காசு அனுப்பின துண்டுகளையும் எறியவேண்டாம். எதுக்கெண்டு அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, பயப்பிடுவா.

கூரைக்கு ஐப்பசி மழைக்கு முதல் வேற வழி பாக்கிறன். ஓட்டு விலையையும் மேசனின்ர கூலியையும் தனித்தனியா எழுதுங்கோ. முதல் குசினிப் பக்கத்தைச் செய்விப்பம். அங்கத்தைக் கைமரம் உழுத்துப்போச்சோ எண்டு ஏறிப் பாத்திட்டு ஓடு வாங்குங்கோ.

அன்புடன்,
தம்பி